அக்காவின் மனத்துக்குள் நடந்த வழக்கு

அக்கா எங்களை விட்டு ஆண்டவரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்து, கல்லறைக்கும் வந்து வெயிலில் நின்று, இப்போது இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவர்கள் எல்லோருமே கோபம் என்றால் என்னவென்று அறியாதவர்களாக இருப்பார்கள். நானும் எத்தனையோ மலர்களைப் படித்துவிட்டு, "இவரா?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். என் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் முதலில் சிரிப்பவர் அக்காவாகத்தான் இருப்பார். அவருக்குக் கோபம் வரும், நன்றாகவே வரும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவர் எப்படிப் பாடுபட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உப்பிலியபுரத்தில். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவு. திருநாள் பூசைக்குப் பஸ் ஏறி வெளியூர் போக வேண்டும். மார்கழிக் குளிரில் அக்காவுக்கு மூச்சு இழுக்கும், இளைப்பு வரும். அம்மா நெஞ்சில் தைலம் தேய்த்து, சாய்ந்தாற்போல் உட்கார வைப்பார். பனி போனால் இளைப்பும் போய்விடும். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம் அப்பா திடீரென்று காலமானார். அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து, பாலக்கரைப் பக்கம் ஒரு சிறிய வீட்டில் குடியேறினார்.

அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அக்காவின் குரல் கணீரென்று போகும். அந்தக் குரலில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் கல்லூரிக்குப் போனேன். தனக்கென்று ஒரு புதுச் சேலை எடுப்பதற்குள் எனக்கு இரண்டு சட்டை தைத்துவிடுவார். கூடவே, "உன் சம்பளத்துல எனக்குப் பட்டுப்புடவை எடுக்கலைன்னா, உன் மேல கேஸ் போடுவேன்" என்று மிரட்டவும் செய்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு எங்கள் பங்கிலேயே, அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களிலேயே, ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. மாப்பிள்ளையின் தாயார் சவேரியம்மாள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. (அவர் பெயரை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) எங்கள் வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயர்களைக் கோவிலில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் கோவில் உபதேசியார் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு இளைப்பு இருப்பது தெரிய வந்திருக்கிறது, சரிப்பட்டு வராது என்று சவேரியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் ஓலையில் அக்காவின் பெயர் வரவில்லை. கோவிலில் இருந்த தலைகளெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அக்கா நேராக உட்கார்ந்திருந்தார். நான் முன்கோபி. பூசை முடிந்ததும் நேரே சவேரியம்மாள் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தெருவுல நின்னு கத்துனா என் இளைப்பு போயிடுமாடா? வீட்டுக்கு வா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, பூசையில் நற்கருணை வாங்க அவர் எழுந்து போவதில்லை. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. அம்மா கேட்டால், "இப்பத்தாம்மா காபி குடிச்சேன்" என்பார். "பூசைக்குக் கிளம்புறப்பதான் உனக்குக் காபி கேக்குதா?" என்று அம்மா அலுத்துக்கொள்வார். இன்னொன்று, தினமும் மாலையில் வீட்டில் ஜெபமாலையை நடத்துவது அக்காதான் என்று ஆனது. அதுவரை மூவரும் முறை வைத்துக்கொண்டு நடத்துவோம். இப்போது யாருக்கும் முறை கிடையாது. அக்காவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

சமையலறையில் அக்கா தனியாகப் பேசுவதையும் கவனித்தேன். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே உதடு அசையும். சில சமயம் கரண்டியை நீட்டி யாரையோ கேள்வி கேட்பார். பிறகு வெற்றிப் புன்னகையோடு வெளியே வருவார். "யாரைக்கா விரட்டினே?" என்று கேட்டால், "உனக்கென்ன, தட்டைப் போடு" என்பார்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, வீடு வீடாக எடுத்துச் செல்வார்கள். அன்றைக்கு யார் வீட்டில் மாதா இருக்கிறாரோ, அந்த வீட்டுக்காரர் ஜெபமாலையை நடத்துவார். அக்கம்பக்கத்தார் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். ஓலை நின்றுபோன மறு வருடம் மாதா சவேரியம்மாள் வீட்டுக்குப் போனார். மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு மதராஸுக்குப் போய்விட்டதால் அவர் வீட்டில் தனியாக இருந்தார். போக வேண்டாம் என்றேன் நான். "மாதா வந்திருக்கிற வீட்டுக்குப் போகாம இருக்கக் கூடாது" என்றார் அம்மா. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இதைப் படிக்கும் அக்காவின் ஸ்ரீரங்கத்து இந்து நண்பர்களுக்காக இங்கே சற்று விளக்க வேண்டும். ஜெபமாலையில் உருட்டும் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் பரலோக மந்திரம் வரும். அதன் முதல் பாதியை நடத்துகிறவர் சொல்வார். மறுபாதியைக் கூடியிருப்பவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், அதுபோல எங்கள் பாவங்களையும் பொறுத்தருளும் என்று கேட்பது அந்த மறுபாதியில்தான்.

சவேரியம்மாள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். நாங்கள் மறுபாதியைத் தொடங்கினோம். அக்காவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அந்த இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த வாக்கியம் முடிந்ததும் மறுபடி கேட்டது. அடுத்த முறையும் அப்படியே. முணுமுணுக்கிற குரலாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது எக்ஸ்சேஞ்ச் குரல். ஜெபமாலை முடிந்து பொரிகடலை கொடுக்கும்போது சவேரியம்மாள் அக்காவிடம் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தாங்க இருக்கு. மனசுதான் வரலை. மாதா முன்னாடி பொய் சொல்ல வேண்டாமேன்னு சொல்லலை."

சவேரியம்மாள் பொரிகடலைத் தட்டை நீட்டியபடியே நின்றார். அக்கா ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "அதனாலதான் வீட்ல நீயே நடத்துறியா?" என்று கேட்டேன்.

"நடத்துறவ அந்தப் பாதியைச் சொல்ல வேண்டாமில்ல" என்றார் அக்கா. அப்போதுதான் முதன்முறையாக அவர் கண்கள் கலங்கின. "மத்தவங்க சொல்லட்டும்னு தப்பிச்சிட்டிருந்தேன். எத்தனை நாளைக்குடா இப்படி? இதை மனசுல வெச்சுக்கிட்டு நற்கருணை வாங்க முடியலை, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கும் போகல. போயி என்னன்னு சொல்ல? வாய் ஒண்ணும் செய்யலை, கை ஒண்ணும் செய்யலை. நினைப்பு மட்டும் நாள் முழுக்க அந்தம்மாவை நிக்க வெச்சுக் கேள்வி கேக்குது."

சமையலறையில் நடந்துகொண்டிருந்தது ஒரு கோர்ட்டு. சவேரியம்மாள் கூண்டில் நிற்பாராம். அக்கா கேட்கும் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாதாம். தினமும் அக்காதான் ஜெயிப்பார். ஜெயித்த பிறகு சோறு இறங்காது.

அக்காவின் எக்ஸ்சேஞ்ச் தோழி ரங்கநாயகி அம்மாள் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். காபி ஆறிக்கொண்டிருக்க, இந்தக் கோர்ட்டுக் கதை முழுவதையும் சொன்னார். ரங்கநாயகி அம்மாள் சிரிக்காமல் கேட்டார். பிறகு, "ஏண்டி, உன் கோர்ட்டுல அந்த மாமிக்கு ஒரு வக்கீல் உண்டோ?" என்றார்.

"வக்கீலா? எதுக்கு?"

"திருடனுக்கே சர்க்கார் ஒரு வக்கீல் வெச்சுக் குடுக்கறதோன்னோ?"

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பி, "வக்கீல் இருக்கட்டும்டா. அந்த ஜட்ஜ் நாற்காலியில யாரு உக்காந்திருக்கா? நான். அது ஆண்டவரோட நாற்காலி இல்லையா? அவரை எந்திரிக்கச் சொல்லிட்டுல்ல நான் உக்காந்திருக்கேன்!" என்றார். சொல்லும்போது அவருக்கே பயமாக இருந்தது தெரிந்தது.

அதன் பிறகு அக்கா செய்தது சின்னக் காரியம்தான், ஆனால் விடாமல் செய்தார். மனத்துக்குள் விசாரணை ஆரம்பித்ததும், "போதும், எந்திரி" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் தங்களைத்தான் எழுந்திருக்கச் சொல்கிறார் என்று பதறியதும் உண்டு. சில நாள் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு, அந்த அம்மாளுக்காக வக்கீலாக நின்று ஏதாவது ஒரு நியாயம் தேடுவார். ஆரம்பத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. "மோசமான வக்கீல்டா நான்" என்று சிரிப்பார்.

ஒரு மார்கழியில் அக்காவுக்கே இளைப்பு கண்டு, தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தபோது அந்த நியாயம் கிடைத்தது. சவேரியம்மாளின் கணவர் இளைப்பு நோயில்தான் இறந்தார். வருடக்கணக்கில் அவர் மூச்சுக்குத் திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் சவேரியம்மாள். இது பங்கு முழுவதும் தெரிந்த சங்கதி, அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோர்ட்டில் அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

"அந்தம்மா என்னைப் பார்த்து அருவருக்கலைடா, பயந்திருக்காங்க" என்றார் அக்கா. "சொல்லி அனுப்பின விதம் தப்புதான். இப்பவும் தப்புதான்னு சொல்வேன். ஆனா பயம் பொய்யில்லை."

அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மறுநாள் காலையில் காபி குடிக்கவில்லை. நற்கருணைக்கு அக்கா எழுந்து போனதைப் பார்த்து அம்மா கோவிலிலேயே அழுதுவிட்டார். அடுத்த அக்டோபரில் சவேரியம்மாள் வீட்டு ஜெபமாலையில் மறுபாதி முழுவதும் அக்காவின் குரல் கேட்டது. வெளியே வந்ததும், "மனசார சொன்னியாக்கா?" என்று கேட்டேன். "பாதிதான் வந்துச்சு. மீதியை அவர் போட்டுக்கட்டும்" என்று வானத்தைக் காட்டினார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களை அவரேதான் வேண்டாம் என்றார். அது அவருடைய தீர்மானம். எனக்குத் திருமணம் செய்துவைத்தார். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். என் பிள்ளைகளுக்கு அத்தை என்றால் உயிர். எண்பதுகளில் எக்ஸ்சேஞ்சிலிருந்து திரும்பும் வழியில் சவேரியம்மாள் வீட்டில் எட்டிப்பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கமாகிவிட்டது. அங்கே என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

பிறகு இளைப்பு மார்கழியோடு நிற்காமல் வருடம் முழுவதும் வர ஆரம்பித்தது. இருதயமும் தளர்ந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், மூச்சுக்கு நடுவே, "அந்தம்மா சொன்னது சரியாத்தான் போச்சு பாத்தியா? அந்தப் பையன் தப்பிச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. "மூஞ்சியை மாத்துடா" என்றார். குருவானவர் எண்ணெய் பூசும் நோயில்பூசுதலைப் பெற்று, அமைதியாக விடியற்காலையில் கண்மூடினார்.

இராப்பகலாக உடனிருந்த டாக்டர்களுக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும், அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் கேட்காமலே செய்த தெரு இளைஞர்களுக்கும், எக்ஸ்சேஞ்ச் தோழியருக்கும், மடி ஆசாரமெல்லாம் பார்க்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓடிவந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சவேரியம்மாள் அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். போன வாரம், இதை எழுதலாமா என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "எழுதுப்பா, என் பேரையும் போடு. நல்லதையே எழுதினா யாரு நம்புவா?" என்றார். கிளம்பும்போது, பல வருடங்களாக என் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா உங்களை மன்னிச்சுட்டேன்னு எப்பவாவது சொன்னாங்களாம்மா?"

"சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை" என்றார். "என் கண்ணுல பிரஷர் இருக்குன்னு டாக்டர் தினம் மருந்து விடச் சொன்னாரு. மகன் மதராஸ்ல. உங்க அக்காதான் தினம் சாயந்தரம் வந்து விட்டுட்டுப் போவா. பக்கத்து வீட்டுப் பொண்ணு விட்டாக்கூட நான் இமையை இறுக்கிப்பேன்ப்பா, அவ்வளவு பயம். உங்க அக்கா கைக்கு மட்டும் நான் கண்ணை மூடினதே இல்லை."