தலைப்பாகையின் மறுமுனை

காலையில் வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன் கலைவாணன் தன் மனைவியிடம் கையைக் காட்ட வேண்டும். நான்கு மாதமாக அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஜாக்குலின் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்ப்பாள். "இன்னிக்கும் கீழயே இருக்கணும்" என்பாள். "இருக்கும்" என்பான். நாற்பத்திரண்டு வயது ஆம்பளை, எல்.கே.ஜி. பிள்ளை நகம் காட்டுவதுபோல் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கை செய்த வேலைகளைச் சொன்னால் வந்த சிரிப்பு போய்விடும்.

கலைவாணனுக்குச் சொந்த ஊர் செய்யூருக்குப் பக்கம். அப்பா அடுத்தவன் தோப்பில் சவுக்கு வெட்டியவர். இவன் வளர்ந்து ஆளானபோது படூரில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. ஒருவன் எழுப்பிய காம்பவுண்ட் சுவரை இன்னொருவன் இடிக்க ஆள் தேடிய காலம் அது. ஆறடி உயரமும் அதற்கேற்ற முழங்கையுமாக இருந்த இவனைப் புரோக்கர்கள் விடவில்லை. முதலில் சுவரை இடித்தான். பிறகு சுவருக்கு முன்னால் நின்றவர்களை இடித்தான். கேளம்பாக்கத்தில் ஒருவனுக்கு மணிக்கட்டு, திருப்போரூர் சாலையில் ஒருவனுக்கு விலா. அப்போது வெட்கப்பட்டானா என்றால், இல்லை. டீக்கடையில் நுழைந்தால் பெஞ்சில் இடம் விடுவார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

மகள் பிறந்த பிறகு அதை விட்டான். கார் வாங்கினான், மாமல்லபுரத்தில் ஒரு டாக்ஸி ஸ்டாண்டில் சேர்ந்தான். அங்கே வரிசை முறை உண்டு. முன்னால் நிற்கிற வண்டிக்குத்தான் முதல் சவாரி. இவன் போனிலேயே சவாரி பிடித்து வரிசையைத் தாண்டினான். ஸ்டாண்டின் தலைவன் ரமேஷ் எல்லார் முன்னாலும் இவனைக் கன்னத்தில் அறைந்தான். தப்பு இவன் பேரில்தான். ஆனால் அறை வாங்கியவனுக்கு நியாயம் தெரியுமா? மறுநாள் காலை பேண்ட்டுக்குள் சூரிக்கத்தியைச் செருகிக்கொண்டு, வலது கையை இடுப்பிலேயே வைத்தபடி வேகமாக நடந்து வந்தான். கழுத்துக்குத்தான் ஓங்கினான். ரமேஷ் குனிந்ததால் இடது காதின் மேல்பாதியோடு போயிற்று.

எழுபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவனை, செங்கல்பட்டில் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்தி நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வருடம் அடிதடி எதுவும் கூடாது. மீறினால் மிச்சமிருக்கிற மாதங்களை ஜெயிலில் கழிக்க வேண்டும். நான்கு மாதம் ஓடிவிட்டது, எட்டு மாதம் பாக்கி. மகள் சிநேகாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை ஆறு வாரத்தில் வருகிறது. "இன்னொரு வாட்டி உள்ள போனேன்னா, எனக்கு அப்பா இல்லன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்று அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். எட்டு மாதத்தை விட அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவாரி, படூர் அடுக்குமாடியில் இருக்கும் மன்பிரீத்துக்கு. ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை பார்க்கிற பஞ்சாபிப் பெண். ஆறு வருடத்தில் தமிழைக் கேன்டீனிலும் ஷேர் ஆட்டோவிலும் பொறுக்கியவள். லூதியானாவிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா ஹர்பஜன் சிங்குக்கு ஒரு முழுநாள் சுற்றுலா. காலையில் சீக்கியர் கோயிலான தியாகராய நகர் குருத்வாரா, பிறகு மாமல்லபுரம்.

கலைவாணன் மேலே போனபோது பெரியவர் தலைப்பாகை கட்ட ஆரம்பித்திருந்தார். கருநீலத் துணி, ஒரு புடவை நீளம். ஹாலின் அந்தக் கோடியில் மகள் ஒரு முனையைப் பிடித்திருக்க, இந்தக் கோடியில் அவர் இழுத்து இழுத்து மடித்துக்கொண்டே அவளை நோக்கி வந்தார். வீட்டில் ஜாக்குலினோடு புடவை மடிக்கிறவன்தானே, கலைவாணனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

"நான் வேணா பிடிக்கட்டா மேடம்?"

"இல்லண்ணா. இது வீட்டு ஆளுங்கதான் பிடிப்பாங்க. அப்பா வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாரு."

அவன் பார்வை பெரியவரின் இடுப்புக்குப் போயிற்று. தோளில் குறுக்காகப் போட்ட பட்டையின் கீழே ஒரு சாண் நீளத்தில் உறை.

"அது இன்னா மேடம், கத்தியா?"

"கிர்பான். எங்க மதத்துல இருக்கு. தூங்கும்போதுகூட எடுக்க மாட்டாங்க."

"எதுக்கு?"

"யாராவது யாரையாவது அநியாயமா அடிச்சா, தடுக்கறதுக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். கலைவாணனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கத்தி என்றால் அவனுக்கு ஒரே ஒரு உபயோகம்தான் தெரியும்.

குருத்வாராவில் அவனையும் உள்ளே கூப்பிட்டார்கள். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பந்தியில் தரையில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் யாரோ ஒரு நகைக்கடைக்காரர். ரொட்டியை இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்க வேண்டும் என்று பெரியவர் காட்டிக் கொடுத்தார். கடைசியாக அவன் வரிசையில் உட்கார்ந்து கை நீட்டியது ஜெயிலில். அங்கே தட்டில் எறிந்தார்கள். இங்கே ஒரு கிழவர் குனிந்து கையில் வைத்தார். கலைவாணன் நான்கு ரொட்டி தின்றான், பருப்பை இரண்டு முறை கேட்டு வாங்கினான்.

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு முன்னால் பெரியவர் வெகுநேரம் நின்றார். சிங்கத்தின் மேல் தேவி வில்லோடு பாய்ந்து வர, எதிரே எருமைத் தலை அசுரன் பின்வாங்கியபடி நிற்கிறான். யார் இவன் என்று மகள் மூலம் கேட்டார்.

"தோத்துட்டான்னு அவனுக்கே தெரியும்னு சொல்லுங்க மேடம். ஆனா கைல இருக்கற கதாயுதத்த வுட மாட்டேங்கறான் பாருங்க. அவன் பேஜாரே அதான்."

அவள் மொழிபெயர்த்தாள். பெரியவர் சிலையைப் பார்க்காமல் இவன் முகத்தைப் பார்த்தார்.

வழக்கமாகக் கலைவாணன் சவாரிகளை ஊர் முகப்பிலேயே இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவான். ஐந்து ரதம் பக்கம் ரமேஷின் ஸ்டாண்ட் இருக்கிறது. அன்று பெரியவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆட்டோவில் மடக்கி உட்கார முடியவில்லை. வேறு வழியில்லாமல் ரதங்கள் வரைக்கும் காரை ஓட்டிப்போய் வேப்பமர நிழலில் நிறுத்தினான். அவர்கள் இருவரும் மெல்ல உள்ளே போனார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முதலில் பக்கக் கண்ணாடி உடைந்தது. ரமேஷ் இரும்புக் கம்பியோடு நின்றான், பின்னால் இரண்டு பேர். காது வெட்டுப்பட்ட பக்கத்தை வேண்டுமென்றே இவன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான்.

"இன்னா மச்சான், எங்க ஏரியாவுக்கே டூர் இட்டாந்துகினியா?"

"பெரியவருக்குக் கால் முடியல ரமேஷு. பத்து நிமிசம். போயிடறேன்."

கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. கலைவாணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றின் மணிக்கட்டை இன்னொன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அட்ரா! அட்ரா பாக்கலாம்!" ரமேஷின் குரல் உடைந்தது. "கை எங்கடா போச்சு? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வெச்சுட்டு வந்துட்டியா? ஆறு மாசமா கண்ணாடியப் பாக்க முடியாம கீறேன்டா நானு!"

கம்பி தோளில் இறங்கியது. விழுந்தவனை விலாவில் உதைத்தார்கள், வயிற்றில் உதைத்தார்கள், முகத்தில் உதைத்தபோது ஒரு பல் ரத்தத்தோடு நாக்கில் வந்து கிடந்தது. சங்கு விற்கிறவர்களும் இளநீர்க்காரரும் சுற்றி நின்றார்கள். நான்கைந்து போன்கள் படம் பிடித்தன. பிடிப்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குறுக்கே வந்தால் அவர்களுக்கும் விழும். கலைவாணனுக்கு வலியைவிட ஆத்திரம்தான் தாங்க முடியாததாக இருந்தது. ரமேஷின் கணுக்கால் முகத்துக்கு நேரே இருந்தது. பிடித்து ஒரு திருகு திருகினால் போதும். முதல் நாள் தமிழ், அடுத்து இங்கிலீஷ், அப்புறம் கணக்கு என்று சிநேகாவின் பரீட்சை அட்டவணையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தான்.

அப்போது மண்ணோடு மண்ணாகக் கிடந்த கண்ணுக்கு, நுழைவாயில் பக்கமிருந்து பெரியவர் வருவது தெரிந்தது. வீங்கிய முழங்காலோடு ஓடி வந்தார். வலது கை இடுப்பில் இருந்தது.

இடுப்பில் கை வைத்தபடி ஓடிவரும் ஆள் என்ன செய்வான் என்பது உலகத்தில் வேறு யாரையும்விடக் கலைவாணனுக்கு நன்றாகத் தெரியும். அநியாயமாக அடித்தால் தடுக்க என்று காலையில் அந்தப் பெண் சொன்னாளே. இன்னும் பத்தடி. ரமேஷ் இந்த முறை குனியப்போவதில்லை, அவன் முதுகைக் காட்டி நிற்கிறான். இந்த மனிதர் மிச்ச ஆயுளை ஜெயிலில் கழிப்பார்.

நான்கு மாதமாகக் கீழே இருந்த கை எழுந்துவிட்டது. "சாக்கு நஹி சார்! சாக்கு நஹி!" என்று, கத்தி வேண்டாம் என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் கத்திக்கொண்டே பாய்ந்து பெரியவர் மேல் விழுந்தான். இடுப்பிலிருந்த அவர் கையை இரண்டு கைகளாலும் அமுக்கினான். அவன் முழங்கை அவர் தாடையில் இடித்தது. இரண்டு பேரும் உருண்டார்கள். கருநீலத் தலைப்பாகை கழன்று மணலில் ஓடி, அவிழ்ந்து, சோடா மூடிகளுக்கு நடுவில் கிடந்தது. நரைத்த கூந்தல் பெரியவரின் முகத்தை மூடியது. மன்பிரீத் அலறிக்கொண்டு வந்து தண்ணீர் பாட்டிலால் கலைவாணனின் தலையில் மாறி மாறி அடித்தாள்.

கலைவாணன் தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தான். கத்தி உறையை விட்டு ஒரு விரற்கடைகூட வெளியே வரவில்லை. ஓடும்போது கிர்பான் ஆடி நழுவிவிடக் கூடாது என்று அவர் உறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் ஒரு கிழவர் ஓடிவருகிறார் என்றுதான் நினைத்திருப்பான். இவனுக்கு மட்டும் அவருடைய இடுப்பில் தன்னுடைய கத்தி தெரிந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பான்.

எஸ்.ஐ. லதா ஜீப்பில் வந்து இறங்கியபோது ரமேஷின் கையில் கம்பி இல்லை, போன் இருந்தது.

"பாருங்க மேடம், வந்த கஸ்டமரையே போட்டு அட்ச்சிருக்கான். வீடியோ கீது. இவன் பத்திரத்துல கீறவன் மேடம்."

லதாவுக்கு அது தெரியும். படத்தைப் பார்த்தாள், கலைவாணனின் முகத்தைப் பார்த்தாள், பெரியவரின் உதட்டு ரத்தத்தைப் பார்த்தாள். "சார், இவர் உங்கள அடிச்சாரா? நீங்க சொல்றதுதான்" என்றாள்.

"அடிச்சாரு! எங்கப்பா பகடிய மண்ணுல தள்ளிட்டாரு!" மன்பிரீத் மணலில் கிடந்த தலைப்பாகையைக் காட்டிக் கத்தினாள். "அது எங்களுக்கு என்னன்னு தெரியுமா மேடம்?"

எட்டு மாதம் என்பது கலைவாணனுக்கு அப்போது உறைக்கவே இல்லை. சிநேகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

பெரியவர் எழுந்து உட்கார்ந்து கூந்தலை அள்ளி உச்சியில் முடிந்தார். மணலில் கிடந்த துணியை எடுத்து உதறினார், முனை தேடினார். மகள் வழக்கம்போல் கை நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நொண்டி நொண்டி வந்து கலைவாணனுக்கு முன்னால் நின்று, முனையை அவன் கையில் வைத்தார். குருத்வாராவில் அந்தக் கிழவர் ரொட்டி வைத்ததைப் போலவே வைத்தார்.

அவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். துணி தரையை விட்டு எழுந்தது. கலைவாணன் பட்டும் படாமலும் பிடித்திருக்க, மடிப்பு விழாமல் துணி தொய்ந்தது. அவர் என்னவோ அதட்டினார்.

"இறுக்கிப் பிடிக்கச் சொல்றாங்க" என்றாள் மன்பிரீத், இவனைப் பார்க்காமல்.

இறுக்கினான். தோளில் கம்பி விழுந்த இடம் உயிர் போக வலித்தது. அவர் மடித்துக்கொண்டே, எஸ்.ஐ. பக்கம் திரும்பாமலே பேசினார். மன்பிரீத் பஞ்சாபியில் அவரோடு மல்லுக்கு நின்றாள். அவர் அதையே மறுபடி சொன்னார்.

"இவரு கை பட்டுதான் விழுந்தேன், அது உண்மை" என்று அவள் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். "நான் கத்தி எடுக்கறேன்னு நெனச்சு, வேணாம்னு கத்திகிட்டே வந்தாரு. தன்ன அடிச்ச ஆளக் காப்பாத்த வந்தாரு. தப்பா நெனச்சுட்டாரு. புகார் எதுவும் இல்ல."

லதா காரின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ரமேஷிடம் திரும்பி, "உடைஞ்ச கண்ணாடி எந்த வீடியோல இருக்கு? கம்பிய எடுத்துட்டு வா" என்றாள். பெரியவர் சொன்னதை ரமேஷும் கேட்டிருந்தான். பாதிக் காதைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

துணி மடிந்து மடிந்து, பெரியவர் கலைவாணனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். முனையை வாங்க வேண்டிய நேரம். கலைவாணனால் விரல்களைத் திறக்க முடியவில்லை. பல் போன வாயால் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தான். பெரியவர் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு விரலாகத் தானே பிரித்து எடுத்தார்.

ராத்திரி ஜாக்குலின் கதவைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்ததும் கையைத்தான் பிடித்தாள். திருப்பினாள். உள்ளங்கையில் வியர்வையோடு கருநீலச் சாயம் ஒட்டியிருந்தது.

"இன்னாய்யா இது? கை மேல போச்சா?"

"போச்சு" என்றான். உள்ளே சிநேகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.