மேலே இருப்பவன் பேசக் கூடாது

பெரிய விமானத்தின் வால் மூன்று மாடி உயரம் இருக்கும். அதன் உச்சியில் ஒரு விளக்கு உண்டு. அது பழுதானால் ஒருவன் ஏறித்தான் ஆக வேண்டும். எழுபதுகளின் கடைசியில், பெங்களூரில் நான் வேலை பார்த்த விமானப் பராமரிப்புக் கூடத்தில், அந்த ஒருவன் பெரும்பாலும் நான்தான். மலைக்காரனுக்கு உயரம் பழக்கம் என்று மேலதிகாரிகள் முடிவு செய்திருந்தார்கள். ஜவ்வாது மலையில் உயரமாக இருப்பது மலைதான், நாங்கள் அதன்மேல் சமதரையில் நடக்கிறோம் என்று விளக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஏறுகிறவனுக்கு ஆண்டுதோறும் பயிற்சி. இடுப்பில் பெல்ட்டைக் கட்டு. கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டு. மாட்டியதை இழுத்துப் பார். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டிக்கொள். மேலே இருப்பவன் பேசக் கூடாது, கவனம் சிதறும். கீழே இருப்பவனும் சைகைதான் காட்ட வேண்டும். தவறி விழுந்து தொங்கினால் கத்தாதே, உதறாதே, அசையாமல் இரு, ஏணி வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை வரிசை மாறாமல் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஓர் ஆண்டு. மனைவி மலையிலேயே, புதூர்நாட்டில் அம்மா வீட்டில் இருந்தாள். என் மாமியார் அவளை அனுப்ப மறுத்துவிட்டார். காரணம் நியாயமானது. மாமனார் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து இறந்தவர். அதேபோல உயரத்தில் தொங்குகிறவனோடு மகளைக் கண்காணாத ஊருக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“தரையில நின்னு செய்ற வேலயா பாருங்க மாப்ள. அன்னிக்கே கூட்டிகினு போங்க” என்பார்.

நானோ பெங்களூரில் ஓர் அறை பிடித்து, இரண்டு தட்டு, இரண்டு தம்ளர் வாங்கி வைத்திருந்தேன். ஒரு தட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டையும் கழுவி வைப்பேன்.

மாசி மாதம், புளி உலுக்கும் சமயமாகப் பார்த்து லீவு எடுத்தேன். கழித்துப்போட்ட பெல்ட் ஒன்றை முறைப்படி அனுமதி கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திருப்பத்தூரில் பஸ் ஏறினேன். பெல்ட் கட்டினவன் தரையில் விழமாட்டான் என்று மாமியார் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கம் புளியமரம் ஏறுகிறவனுக்கு பெல்ட் கிடையாது, குரல் உண்டு. கீழே புளி பொறுக்குகிற பெண்கள் அவனை அடிக்கடி கூப்பிட்டபடியே இருப்பார்கள். அவன் ‘ஓ’ என்றாவது பதில் கொடுக்க வேண்டும். இலைக்குள் ஆள் தெரியாது, குரல்தான் ஆள். பதில் வரவில்லை என்றால் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து கேட்டது.

பெல்ட்டோடு நின்ற என்னை மாமியார் சுற்றிப் பார்த்தார். “இன்னா மாப்ள, மாட்டக் கட்டற மாதிரி கட்டிகினு கீறீங்க?”

“மாடுன்னா அவுத்துகினு ஓடும்மா. இது எங்க ஓடும்?” என்றாள் மனைவி.

“மேல நான் பேசமாட்டேன். கை காட்டுவேன், பாத்துக்குங்க” என்றேன்.

“எலைக்குள்ள கை எப்டீங்க தெரியும்?” என்று கேட்டாள் மனைவி.

நல்ல கேள்வி. பயிற்சியில் இல்லாத கேள்வி என்பதால் பதில் சொல்லாமல் ஏறினேன்.

கொக்கி மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். உலுக்கினேன். கீழேயிருந்து கூப்பிட்டார்கள், கையைக் காட்டினேன். அடுத்த கிளையில் கால் வைத்ததும் அது சடசடவென முறிந்து கீழே போனது. நான் போகவில்லை. பெல்ட் பிடித்துக்கொண்டது. பாடத்தில் உள்ளபடியே தொங்கினேன்.

“ஏங்க!” என்றாள் மனைவி. நான் அசையவில்லை.

“ஏங்க... இருக்கீங்களா?”

பெல்ட் விலாவை நெரித்ததில் மூச்சு பாதிதான் வந்தது. ஒரு ‘ஓ’வுக்கு அது போதும். ஆனால் கத்தாதே, அசையாதே, ஏணி வரும் என்றுதான் மனம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

“ஒண்ணும் ஆவல அத்தே! பெல்ட்டு புடிச்சிகிச்சி!” என்றேன், ஒப்பாரியைக் கேட்ட பிறகு.

பக்கத்து மரத்து ஆட்கள் வந்து என்னை இறக்கினார்கள். மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பெல்ட்டு ஒன்னப் புடிச்சிது, சரி. வாய இன்னா புடிச்சிது?” ஓர் ஆண்டில் முதல்முறையாக மரியாதை குறைந்திருந்தது. “கூப்ட்டா பதில் சொல்லாத ஆளோட எம் பொண்ண அனுப்பமாட்டேன்.”

சோதனை முழு வெற்றி. நான் தனியாகத் திரும்பினேன். பஸ் வரும்வரை மனைவி உடன் நின்றாள்.

“அங்க வாலு மேல ஏறும்போது யாராச்சும் கூப்புடுவாங்களா?”

“கை காட்டுவாங்க.”

“அப்ப நான் இங்கேந்து கூப்புடறேன். ‘ஓ’ன்னு பதில் சொல்லுங்க, இன்னா?”

அதன்பிறகு ஓர் ஆண்டு முழுவதும், வால் உச்சியில் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்ததும், உதட்டுக்குள் ‘ஓ’ என்பேன். இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்காது. பிறகுதான் விளக்கைத் தொடுவேன்.

அடுத்த மாசியில் மறுபடியும் அதே பெல்ட், அதே மரம். இந்த முறை கூப்பிட்டது மாமியார்தான், தேவைக்கு மேலேயே.

“மாப்ள, இன்னா பண்றீங்க?”

“கொக்கி மாட்டறேன் அத்தே.”

“இப்ப?”

“இழுத்துப் பாக்கறேன் அத்தே.”

“இப்ப?”

“நீங்க கூப்புடறதுக்குப் பதில் சொல்றேன் அத்தே. புளி எப்ப உலுக்கறது?”

கீழே சிரிப்பு கேட்டது. அதில் மனைவியின் சிரிப்பைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு கிளையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூட்டை சாமை அரிசியோடு அவளை அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது தட்டு புழக்கத்துக்கு வந்தது.

இப்போது அவள் இல்லை. ஸ்டூல்மேல் ஏறிப் பல்பு மாற்றினால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதியை மீறித்தான் ஏறுகிறேன். ஏறியதும், கீழேயிருந்து கூப்பிடும் குரலுக்குக் காது கொடுக்கிறேன். வீட்டில் சத்தமே இருக்காது.

“பல்பு மாட்டறேன்” என்கிறேன்.