ஆண்டவரே அவளுக்கு வாத்தியார்

மாசிலாமணிக்கு வாரத்தில் ஆறு நாள் தேயிலைச்செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஏழாம் நாள் வேதப்புத்தகம். திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவில், முப்பது குடும்பம் கூடும் சின்னச் சபைக்கு அவர்தான் உபதேசியார். பாஸ்டர் தலவாக்கலையிலிருந்து மாதத்துக்கு இரண்டு தரம் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் இவர் தலையில்தான். மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப்போக அவர்மேல் கோபம் வரும்.

அவருக்கு ஒரே மகள், எஸ்தர். பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் இல்லை. இப்போது இருபத்திநான்கு வயது. கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கொடுக்க அந்தப் பிரிவில் ஆள் கிடையாது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மொத்தம் இருபது சைகை இருந்திருக்கும். சாப்பிடு, வா, மழை வருது, வேலைக்கு நேரமாச்சு, எங்கே வலிக்குது. இதற்குமேல் அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொண்டதில்லை.

எஸ்தருக்கு ஆறு வயதாகும்போது அவள் அம்மா அம்மாக்கண்ணு செத்துப்போனாள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. சவப்பெட்டி லயத்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ராக்காயி ஓடிவந்தாள்.

“ஊமப்புள்ள இதப் பாத்தா பயந்துக்குமுங்க. அடக்கம் முடியிற மட்டும் நான் எங்க வீட்டுல வச்சிக்கிறேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். பின்பக்கத்துக் குசினியில் கதவைச் சாத்தி, கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்து அடுப்போரமாக உட்காரவைத்தாள். பெட்டி போனதை எஸ்தர் பார்க்கவில்லை. அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்க வழியில்லை.

மூன்றாம் வாரம் மாசிலாமணி அந்தக் காட்சியைக் கண்டார். காலையில் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்ததும் அவர் எப்போதும் கீழ்ப்பாதையாகத்தான் கவ்வாத்து மலைக்குப் போவார். அன்றைக்கு மேல்பாதையால் போனார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் எஸ்தர் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, மேலே பார்த்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றாள். மறுநாளும் போய்ப் பார்த்தார். அப்படியேதான் நின்றாள்.

அவர்கள் சபையில் ஜெபம் என்றால் கண்ணை மூடிக் கையைக் கோர்ப்பார்கள். கையைத் தூக்குகிறவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? மாசிலாமணி பாதையிலேயே உட்கார்ந்து அழுதார். பெண்சாதி போன துக்கத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஆண்டவர் தன்னைப் பற்றிய அறிவை வைத்துத்தான் அனுப்புகிறார், காதும் வாயும் வேண்டியதில்லை, இதோ என் மகளே சாட்சி. அந்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைச் சொன்னபோது சபையில் அழாதவர் இல்லை. பிறகு கினிகத்தேனை வரைக்கும் கூட்டங்களுக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

எஸ்தருக்கு ஒன்பது வயதானபோது, காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வேனில் வந்தார். தங்கிப் படிக்கலாம், சைகை மொழி கற்றுக்கொடுப்போம் என்றார். மாசிலாமணி ஒத்துக்கொள்ளவில்லை. பெண்பிள்ளை, தூரம், தாயில்லாதவள் என்று ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் அவர் சொன்னது ஒன்றைத்தான்.

“ஆண்டவரே அவளுக்கு வாத்தியாரா இருக்காருங்க. மனுசன் எதுக்கு?”

வேன் திரும்பிப் போனது. பத்து வயதில் எஸ்தர் கையைத் தூக்குவதை நிறுத்திக்கொண்டாள். இப்போது மனசுக்குள் ஜெபிக்கிறாள் என்றார் அப்பா.

போன வருடம் வந்த புதுப் பாஸ்டர் சுமன் இளவயதுக்காரர். ஆராதனை முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது மாசிலாமணி தன் சாட்சியைச் சொன்னார். பாஸ்டர் தலையை ஆட்டவில்லை.

“ஒருத்தர் சொல்லிக் கேக்காம விசுவாசம் எப்படி வரும் உபதேசியார்? மனுசனுக்குள்ள ஒரு ஏக்கம் இருக்கலாம். அந்த ஏக்கத்துக்குப் பேரு ஆண்டவர்னு யாராவது சொல்லணும்ல?”

“பழைய பாஸ்டர் ஐயரு வேற மாதிரி சொல்வாருங்க. வெளிச்சம் எல்லாருக்குள்ளயும் இருக்கு, பாவம்தான் மங்க வைக்குதும்பாரு. எம்புள்ளகிட்ட மங்கல, அவ்வளவுதான்.”

“சரி, அவளே பேசுற காலம் வந்தா கேட்டுப் பாத்துருவோம்.”

அந்தக் காலம் வந்தது. ஓர் அமைப்பின் சார்பில் நிஷாந்தி என்ற பெண் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, பிள்ளைக்காம்பராவில் சைகை மொழி வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். எஸ்தர் தண்ணீரைக் கண்ட பயிராய் அதைப் பிடித்துக்கொண்டாள். பத்து மாதத்தில் நேற்று, நாளை, ஏன், எப்போது என்றெல்லாம் கேட்கக் கற்றுவிட்டாள். மாசிலாமணிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பதினெட்டு வருடம் பிரசங்கித்ததை மகளே தன் கையால் சொல்லப்போகிறாள். ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

“டீச்சர், சின்ன வயசுல இந்த வாசல்ல நின்னு கையத் தூக்குவாளே, யாரப் பாத்துத் தூக்குனான்னு கேளுங்க.”

நிஷாந்தி கேட்டாள். எஸ்தர் உடனே புரிந்துகொண்டு சிரித்தாள். கைகள் மளமளவென்று பேசின. பார்க்கப் பார்க்க நிஷாந்தியின் முகம் மாறியது.

“அம்மாவப் பாத்துங்கிறா.”

“எந்த அம்மா?”

“அவங்க அம்மா. காலையில இவள இங்க விட்டுட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிப் போவாங்களாம். அங்க ஒரு பெரிய கல்லுக்கிட்ட நின்னு ரெண்டு கையயும் தூக்கிக் காட்டுவாங்களாம். இவளும் தூக்கணும். அப்பதான் வேலைக்கு எறங்குவாங்களாம். ஒரு நாள் வீட்டுக்கு வரலியாம். இவ தூக்கிக்கிட்டே இருந்தாளாம், யாருமே பதிலுக்குத் தூக்கலியாம்.”

எஸ்தர் இன்னும் முடிக்கவில்லை. அப்பாவைக் காட்டி ஏதோ கேட்டாள். நிஷாந்தி அதைச் சொல்லத் தயங்கினாள்.

“ராக்காயி அக்கா மக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயி ஏழு வருசம் கழிச்சி வந்தாங்களாமே. அது மாதிரி அம்மா எப்ப வருவாங்கன்னு கேக்குறா. ஐயா, அவங்க எறந்துட்டாங்கன்னு இவளுக்கு இது வரைக்கும் தெரியாதா?”

  தெரிந்திருக்கும் என்றுதான் மாசிலாமணி நினைத்திருந்தார். ஆண்டவரையே தெரிந்தவளுக்கு அம்மா செத்தது தெரியாமலா போகும் என்று நினைத்திருந்தார். வேறு வழியில்லாமல் நிஷாந்திதான் அதைக் கையால் சொன்னாள். எஸ்தர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். அப்புறம் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

மனுசர் அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. பதினெட்டு வருடம் நின்ற இடம் காலுக்குக் கீழே சரியும்போது எதையாவது பிடிக்கத்தானே கை போகும். அவள் கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப ஆண்டவரு? ஒனக்குள்ள யாரோ இருக்காங்கன்னு ஒரு நாளும் தோணலியா? கேளுங்க டீச்சர்.”

எஸ்தர் அவரைப் பார்த்துக் கையால் பதில் சொன்னாள். நிஷாந்தி தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்.

“யாரும் இல்லியாம். கோயில்ல நீங்க எல்லாரும் கண்ண மூடுறப்ப, எல்லாரும் தன்ன விட்டுட்டுத் தூங்குறாங்கன்னு நெனைப்பாளாம். தனியாத்தான் இருந்தேங்கிறா.”

விசயம் தெரிந்து பாஸ்டர் சுமன் அன்று சாயங்காலமே வந்தார். ஜெயித்த முகத்தோடு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்கு அவரத் தெரியாம இருந்திருக்கலாம் உபதேசியார். அவருக்கு அவளத் தெரியும்ல?”

“அவரு தெரிஞ்சி வச்சிருந்து அவளுக்கு என்னாங்க பிரயோசனம்?” என்றார் மாசிலாமணி. “வேனு வந்துச்சுங்க. வாசலுக்கே வந்துச்சு. நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்.”

 மறுநாள் ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் பிரசங்கம் செய்யவில்லை. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடியபோது அவர் மூடவில்லை.

வீட்டில் எஸ்தர் சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், வேலைக்குப் போனாள். அப்பாவின் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்குச் சுமை குறைந்திருக்கும். மறு சனிக்கிழமை வகுப்புக்கு முன்னாலேயே போய், நிஷாந்தியிடம் ஒரே ஒரு சைகையைக் கற்றுத்தரக் கேட்டார். ‘என்னை மன்னித்துவிடு’ என்பது. கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் லேசில் வளையவில்லை. அந்த வாரம் முழுவதும் கவ்வாத்து மலையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது செய்து பழகினார். மகளோடு பேச அவர் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தரின் முன்னால் போய் நின்றார். பிழையில்லாமல் செய்தார். திரும்பவும் செய்தார். எஸ்தர் அந்தக் கையையே உற்றுப் பார்த்தாள். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பிறகு நிஷாந்தியின் பக்கம் திரும்பி என்ன என்று கேட்டாள்.

“அந்த வார்த்தைய இவளுக்கு நான் இன்னும் சொல்லிக் குடுக்கலிங்கய்யா” என்றாள் நிஷாந்தி.