பிடுங்கிய பலகையில் ஒரு வீடு

இரும்புலியூரில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்துக்குள் ஏஐ ஓர் ஆளாக இறங்கி, நடந்து, வெட்டி, கட்டும். ‘இந்தக் கிராமத்தில் அழகான வீடு ஒன்று கட்டு’ என்று மட்டும் அதற்குச் சொல்வார்கள். எப்படி என்று சொல்ல மாட்டார்கள். அது கட்டிய வீடியோவைப் பார்த்து மூன்று பேர் தனித்தனியாக மார்க் போட வேண்டும். மற்ற இருவரோடு ஒத்துப்போகாத மார்க் தப்பு. தப்பு சேர்ந்தால் வேலை காலி. எனக்கு இன்னும் ஒன்று வந்தால் அவ்வளவுதான்.

அன்று வந்த வீடு ஜோராகத்தான் இருந்தது. மாடி, பால்கனி, வாசலில் விளக்கு. ஆனால் அந்தச் சனியன் மரம் வெட்டக் காட்டுப் பக்கமே போகவில்லை. கிராமத்து வீடுகளைச் சுவர் சுவராகப் பிடுங்கி, அந்தப் பலகைகளிலேயே தன் வீட்டைக் கட்டியது. உள்ளே படுத்திருந்த பொம்மை மனிதர்கள் மழையில் நின்றார்கள். பொம்மைதான், தெரியும். இருந்தாலும் பார்க்கச் சகிக்கவில்லை. பூஜ்யம் போட்டேன்.

மற்ற இருவரும் முழு மார்க் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்து சீட்டு அண்ணன். மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

“வீடியோவ முழுசா பாத்தீங்களாண்ணா? ஊரையே பிச்சுப் போட்டிருக்கு.”

“அத்துக்கு இன்னாம்மா? அது நம்மகிட்ட கத்துகினதுதான். போன மாசம் நாங்களே கேம் ஆடி ரெக்கார்டிங் குடுத்தோமே, அத்த பாத்துதான் செய்யுது. மரம் வெட்டிகினு இருந்தா டார்கெட் முடியாது. வூட்ட பேத்தா பலகை ரெடியா கீது.”

தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, பெருமையாகச் சொன்னார். அந்த விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மெஷின்மேல் இருந்த வெறுப்பு மொத்தமும் அவர்மேல் திரும்பியது. ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் வெட்கம்கூடவா இருக்காது? என் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் அக்கா வந்தார்.

“மார்க்க மாத்திடும்மா. இல்லன்னா நாளைலேருந்து உன்னை வெச்சுக்க முடியாது.”

“மாத்த மாட்டேன்க்கா.”

மறுநாள் என் பொருட்களை எடுத்துக்கொள்ள மட்டும் உள்ளே விட்டார்கள். அண்ணன் அதற்குள் என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு, என் டேபிள் ஃபேனையும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உன் சேர் நல்லா கீதும்மா,” என்றார். “முதுகே வலிக்கல.”