பேச்சியம்மாள் அனுப்பிய கலவை

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் வேலை அப்படி. கட்டட வேலையில் யாராவது விழுந்தாலோ அடிபட்டாலோ, அது ஏன் நடந்தது என்று விசாரித்து எழுதுகிற அரசாங்க உத்தியோகம். சாரம் சரிந்தது என்றால் எந்த முடிச்சு அவிழ்ந்தது என்று தேடுவேன். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அந்த மத்தியானம் வரைக்கும் நம்பியிருந்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீசன் நேரம், சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே பேச்சியம்மாள் என்கிற சித்தாள் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். ஊர் திருவேங்கடம் பக்கம். கணவர் சுடலைமுத்து அதே கட்டடத்தில் கொத்தனார். அவர் மேலே சுவர் பூசுவார், இந்தம்மா கீழே கலவை போட்டு, வாளியில் நிரப்பி, கப்பிக் கயிற்றை இழுத்து மேலே அனுப்புவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும் ஜோடியாகத்தான் போவார்களாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் போனேன். வேலையை நிறுத்தி, சிமெண்ட் அறையைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "அந்தப் பொம்பளைய யாரும் மேல ஏறச் சொல்லல சார்" என்றார். கணவரைப் பார்க்க வேண்டும் என்றேன். வாட்ச்மேன்தான் தயங்கித் தயங்கி மாடியைக் காட்டினார்.

"காலையிலயே வந்துட்டான் சார். கூப்பிட்டா இறங்க மாட்டேங்கான். வேலை கெடக்குங்கான்."

ஏறிப் போனேன். மூன்றாவது மாடி பால்கனி, ஓரத்தில் தடுப்பு என்று ஒரு கம்பிகூட இல்லை. சுடலைமுத்து சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துக்குப் போவாதீங்க சார், வழுக்கும்" என்றார் திரும்பாமலே.

என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். பூசிக்கொண்டே சொன்னார்.

"கலவை வர லேட்டாச்சு. கயிறு கப்பிய விட்டு விலகிட்டு, அது எனக்குத் தெரியாது. சுவத்தப் பாத்துக்கிட்டே கத்துதேன், 'ஏட்டி, செத்தா போயிட்ட, விரசா அனுப்பு'ன்னு. அவ கயித்த மாட்ட மேல ஏறி வந்திருக்கா சார். எட்டிக் கைய நீட்டுனவ..."

பூச்சுக் கரண்டி நின்றது. மறுபடி ஓடியது.

"விரசா அனுப்புன்னு சொன்னேன்லா. அவ அனுப்புதா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் இவருக்கு ஏது கலவை? நினைத்து முடிக்கவில்லை, கப்பி கிறீச்சிட்டது. ஒரு வாளி நிறையக் கலவை மேலே வந்து நின்றது. அவர் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொட்டிவிட்டு, காலி வாளியைக் கொக்கியில் மாட்டினார். அது இறங்கியது. நான் கலவையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஈரம், புதுசு. தூணைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கயிற்றின் அந்த முனை இழுப்பதும் நிற்பதுமாக, ஒரு ஆள் கை மாற்றி மாற்றி இழுக்கிற மாதிரியே போய்க்கொண்டிருந்தது. பிடித்திருக்க ஆள் இல்லை. சூப்பர்வைசரும் வாட்ச்மேனும் தூரத்தில் கேட் ஓரம் நின்றிருந்தார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றார் சுடலைமுத்து. "காலையிலேர்ந்து அவ நனையுதா. நான் என்ன மொகத்த வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? கடைசியா நான் அவகிட்டச் சொன்னது அந்தச் சொல்லுல்லா."

"நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க அண்ணாச்சி" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தவழ்ந்து போய் ஓரத்தில் உட்கார்ந்தார். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற குரல்தான்.

"ஏட்டி பேச்சி, போதும். கையக் கழுவு. வீட்டுக்குப் போவோம்."

கயிறு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு கையால் வாளியைத் தேய்த்துக் கழுவுகிற சத்தம். சுடலைமுத்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த அழுகையை நான் எழுத மாட்டேன்.

தடுப்பு இல்லை, இடுப்பு பெல்ட் கொடுக்கவில்லை, கயிற்றைச் சரிசெய்ய வேறு ஆள் வைக்கவில்லை என்று அறிக்கை எழுதினேன். கேஸ் நடக்கிறது. கயிற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எப்படி எழுத?

அவரை நான்தான் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தேன். வாட்ச்மேன் தன் குடையைக் கொடுத்தார். தென்காசி போகிற ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் சின்ன வயசுப் பையன், எங்கள் யாரையும் தெரியாதவன். சுடலைமுத்துவுக்கு மறுபக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்து, "யக்கா, நனையுதீங்கல்லா, நீங்க மொதல்ல ஏறுங்க" என்றான்.

அங்கே ஒருவரும் இல்லை. சுடலைமுத்து குடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்து நின்றார். பிறகுதான் ஏறினார்.

அந்தப் பையனைத் தென்காசி ஸ்டாண்டில் இப்போதும் பார்க்கிறேன். யாரைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.