உப்புக்கரையில் கூடிய கூட்டம்

தண்ணீர் புட்டியைத் திருகித் திறந்து, ஹோட்டல் முகப்பின் பளிங்குத் தரையில் கொஞ்சம் ஊற்றுகிறார் ஸுஹைர் ஹத்தாதின். பிறகு அதன் மேலேயே நடந்து பார்க்கிறார். கால் வழுக்கினால் அந்த ஹோட்டல் அப்போதே தள்ளுபடி. துடைப்பத்தோடு ஓடி வரும் பணியாளரிடம், "இருங்க, நான் இன்னும் நடந்து முடிக்கல" என்பார். அம்மான் நகரத்து ஹோட்டல் மேலாளர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

அந்த அம்மாளின் தொழில் செயற்கைக்கால் செய்வது. முழங்கை வரை காய்ந்த பிளாஸ்டர் மாவு, காதோரம் பென்சில், மேலே எப்போதும் ஒரு கம்பளிச் சால்வை. பல நாடுகளில் இதே தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. உறுப்பினர்களில் பலர் தாங்களே செய்த காலில் நடப்பவர்கள். அவர்கள் எங்கே கூடலாம் என்று இடம் பார்த்துச் சொல்வது ஸுஹைரின் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

இடம் பார்க்கப் போகும்போது ஹோட்டல்காரர்கள் நீட்டும் விருந்தைத் தொடமாட்டார். "சாப்பிட்டுட்டா அப்புறம் குறை சொல்ல வாய் வராது." ஏலக்காய்க் காப்பி மட்டும், அதுவும் நின்றுகொண்டே. மேலாளர் அறையின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் லிஃப்டைப் பார்ப்பார். "இது நின்னுபோச்சுன்னு வச்சுக்குவோம். மேல இருக்கறவர் எப்படி இறங்குவார்?"

"எங்க லிஃப்ட் நிக்காதுங்க."

"நிக்காத லிஃப்ட நான் இன்னும் பாக்கல."

இந்த முறை சிக்கல் வேறு மாதிரி வந்தது. போன கூட்டம் வியன்னாவில். ஏமன்காரர்களுக்கும் சூடான்காரர்களுக்கும் விசா கிடைக்கவில்லை. பெயர் அட்டை வைத்த நாற்காலிகள் அப்படியே கிடந்தன. ஏமனின் தாயிஸ் நகரத்து அப்துல்பாசித் தொலைபேசியில் பேசத் தொடங்கி, பாதியில் இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஸுஹைர் மட்டும் போகவில்லை.

அதனால் இம்முறை ஜோர்டான்தான் என்று பிடிவாதமாக நின்றார். அவர் தேர்ந்தெடுத்தது அம்மானில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தள மண்டபம். முன்பும் அங்கே கூடியிருக்கிறார்கள். சமமான தரை, கைப்பிடி வைத்த சுவர், அகலமான கழிப்பறை. ஜன்னல் கிடையாது.

"மறுபடி அந்த நிலவறையா?" என்றார் சங்கத் தலைவர் தொமாஸ், லிஸ்பனிலிருந்து, கணினித் திரையில். "பாதிப் பேர் வரமாட்டாங்க ஸுஹைர். சாக்கடல் கரையில ஒரு ஹோட்டல் நல்ல சலுகை தர்றாங்க. அது பிடிக்கலன்னா வியன்னாவுக்கே போயிடலாம். இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க."

அந்த ஹோட்டலை ஸுஹைர் ஏற்கெனவே பார்த்து வேண்டாமென்று சொல்லியிருந்தார். கரைக்கு இறங்கப் படிகள். படிகளில் எண்ணெய் பூசியதுபோல் உப்பு நீர். செயற்கை மூட்டுக்குள் அந்த உப்பு போனால் மூட்டு போய்விடும். கோபத்தோடு அப்துல்பாசித்தை அழைத்தார். கண்ணிவெடியில் காலை இழந்து, தனக்குக் கால் செய்தவரிடமே தொழில் கற்றுக்கொண்டவர் அவர்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தக் கடற்கரை நமக்கு ஒத்துவராதுன்னு. மிச்சத்த நான் தலைவர்கிட்ட பேசிக்கறேன்."

 

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நாங்க வர்றோம்னாலே உங்களுக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருமா?"

ஸுஹைர் காதோரத்துப் பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பட்டறையே ஆஸ்பத்திரிக்குள்ளதான் இருக்கு. ஏடன் வரைக்கும் பஸ்ல குலுங்கி வந்து, விமானம் ஏறி, திரும்பவும் ஒரு ஆஸ்பத்திரிக்கு அடியில உக்காரணுமா? அந்தக் கடல்ல யாரும் முங்கவே முடியாதாமே. கேட்டதுலேருந்து எனக்கு அதே நெனப்பா இருக்கு."

"படி வழுக்கும் அப்துல்பாசித். விழுந்துட்டா?"

"எந்திரிச்சுக்குவோம். உங்க மண்டபத்துல விழாமலேயே அலுத்துப்போச்சுக்கா."

அன்று மதியம் முழுவதும் ஸுஹைர் ஒரே செயற்கைக்காலை ராவிக்கொண்டிருந்தார். நினைவு வந்து பார்த்தபோது ஓரம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. முதலில் கோபம் வந்தது; பிறகு கூச்சம். அவர்கள் மேல் வைத்த அக்கறை என்றுதான் இத்தனை காலமும் அந்த மண்டபத்தை நினைத்திருந்தார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு சாக்கடலுக்கு இறங்கினார். மேலாளர் ஹைஸம் வாசலிலேயே சிரித்தார். "வேண்டாம்னு போனது நீங்கதானே, உம்மு ஜாத்?" மூத்த மகன் பெயரைச் சேர்த்து, 'ஜாதின் அம்மா' என்று அப்படித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"இப்பவும் பிடிக்கலதான். உக்காருங்க, பேசுவோம்."

படிகளுக்கு ரப்பர் விரிப்பு, தரைத்தளத்தில் அறைகள், கரையிலேயே நல்ல தண்ணீர்க் குழாய், தண்ணீர் விளிம்பு வரை கைப்பிடி என்று கேட்டுக்கொண்டே போனார்.

"கல்யாணக்காரங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார் ஹைஸம்.

"அவங்க ஆடிட்டுப் போயிடுவாங்க. இவங்க நடக்கணும்."

கைப்பிடிக்கு மட்டும் ஹைஸம் ஒப்பவில்லை. கட்டை நட்டுக் கயிறு கட்டித் தருவதாகச் சொன்னார். கட்டிய பிறகு ஸுஹைர் போய், தன் முழு எடையையும் போட்டு அதில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொமாஸுக்குச் சம்மதம் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் கூட்டம் கூடியது. ஏமனிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்துசேர்ந்தார்கள். முதல் நாளே கார்த்தூம் அம்மாள் ஒருவர் கடைசிப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். ஸுஹைர் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். அந்த அம்மாளோ உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் கட்டுரையை வாசிக்கப் போனார்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஹோட்டலின் கூட்ட மண்டபத்தில் ஆளே இல்லை. மேடையில் தனியாக நின்ற தொமாஸ், ஸுஹைரைப் பார்த்தார். ஸுஹைர் கரைக்குப் படியிறங்கிப் போனார்.

கரையில் ஒரு பாயின் மேல் கால்கள் வரிசையாகக் கிடந்தன. கால்களுக்குரியவர்கள் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்கள். அப்துல்பாசித் கைகளை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "அக்கா, நெசமாவே முங்க மாட்டேங்குது!"

காற்று அலையின் உப்பைக் கரைப்பக்கம் வாரிக்கொண்டு வந்தது. ஸுஹைர் தோளிலிருந்த சால்வையை எடுத்து அந்தக் கால்களின் மேல் போர்த்தினார். ஓரம் பறந்தது. தன் செருப்பைக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக அதன் மேல் பாரம் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்.