லாரி ஓடாத வாரம்

யமுனா என்கிற பெயரைப் பாவாயி முதலில் கேட்டது போனில்தான். மலைமேல் பெரக்கரை நாட்டிலிருந்து அண்ணன் சென்றாயன் கூப்பிட்டு, பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொன்னார்.

"யமுனாவா? நம்ம அம்மா பேரு என்னாச்சுங்கண்ணா?"

"அது ஊட்ல கூப்பிட. இது பள்ளிக்கூடத்துக்கு."

பிள்ளை வளர வளர மூச்சு இளைப்பும் கூடவே வளர்ந்தது. மரவள்ளி பிடுங்கிய காட்டில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற காலமும், பனி இறங்குகிற காலமும் ஒன்றுதான். பழியென்னவோ பனிமேல் விழுந்தது. பன்னிரண்டாவது முடித்த யமுனாவை, பனிக்குப் பயந்து, மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் வாக்கப்பட்டிருந்த அத்தை பாவாயியிடம் இறக்கிவிட்டார்கள்.

பாவாயியின் வீட்டு வாசலை ஒட்டித்தான் ரோடு. ஜல்லியும் கல்பொடியும் ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் மூடாமல் ஓடும். பாவாயியோ தினமும் காலையில் வாசலில் கட்டிலைப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"நல்லா வெயில் காயி கண்ணு. மலைப்பனி உடம்புல ஊறிக் கெடக்குது."

"ஏனுங்கத்தை, வடாம் மாதிரி என்னையக் காயப் போடறீங்க?"

சிரித்தவளுக்கு மாசி வருவதற்குள் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சுப் போதவில்லை. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் லாரி ஸ்டிரைக் வந்தது. ரோடு வெறிச்சோடியது. எப்போதும் தூசி படிகிற குடத்து மூடியைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருந்தது. விடியலில் பனி மட்டும் எப்போதும்போல் இறங்கியது. யமுனா இருமாமல் தூங்கினாள்.

'பனி இருக்குது, இளைப்பைக் காணோமே!' என்று பாவாயிக்கு உறைத்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய் அதைச் சொன்னாள்.

"கல்பொடி, டீசல் புகை, சருகுப் புகை எல்லாம் ஒண்ணுதாம்மா. கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரல் வரைக்கும் போயிரும்" என்று சொல்லி, வாயில் வைத்து மூச்சோடு இழுக்கும் மருந்து ஒன்றும் தந்தார் டாக்டர்.

வெளியே வந்ததும் பாவாயி போனை எடுத்தாள். "பனிமேல தப்பில்லீங்கண்ணா. இனிக் காட்டுல தீ வெக்கறதா இருந்தா புள்ளைய அனுப்ப மாட்டேன்."

"அப்பச் சருகைத் தலையில கட்டிக்கவா?"

"மிளகுக்கொடி அடியில போடுங்க. மக்கட்டும்."

முனகிக்கொண்டே சென்றாயன் போட்டார். பக்கத்துக் காட்டு அர்த்தனாரி முதலில் கேலி செய்தார். அடுத்த வருசம் அவரும் கொளுத்தவில்லை.

யமுனா இப்போது பெரக்கரை நாட்டில், இழுக்கும் மருந்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பனியில் ஏணி போட்டு மிளகு பறிக்கிறாள்.